ஆனர்ஸ் என்னும் நான்காம் படி: தலித் மாணவர்களுக்கு முன்னுள்ள வாய்ப்புகளும் அடைப்புகளும்

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2022ஆம் ஆண்டு நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் சேர்ந்த முதல் அணி 2026இல் படிப்பை நிறைவு செய்கிறது. கேரளத்தின் பல்கலைக்கழகங்கள் 2024 ஜூலையில் அதே பாதையில் இறங்கின. 'ஆனர்ஸ்' என்னும் சொல் இனி ஒரு பட்டத்தின் பெயர் மட்டுமன்று; முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி நிதிக்கும் வெளிநாட்டுக் கல்விக்கும் இட்டுச் செல்லும் ஒரு நுழைவுச் சீட்டாக அது மாறிவிட்டது. இதே 2025-26ஆம் ஆண்டோடுதான், பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஒன்றிய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த ஐந்தாண்டுக் காலமும் முடிவடைகிறது. ஒரு பக்கம் படிப்பின் காலமும் செலவும் ஓராண்டு நீள்கின்றன. மறு பக்கம் அந்தச் செலவைத் தாங்க வேண்டிய திட்டம் மறுபரிசீலனைக்கு வந்து நிற்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டிய வேளை இது.

ஆனர்ஸ் மாணவர்களுக்குக் காத்திருக்கும் வாய்ப்புகள் என்று பல்கலைக்கழகங்கள் பட்டியலிடுபவை பல: ஆய்வுத் திட்டங்கள், கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிகள், இன்டர்ன்ஷிப், நெட் தேர்வு, நேரடி முனைவர் பட்டச் சேர்க்கை, வெளிநாட்டு உதவித்தொகை. இவற்றை நாம் மறுக்கவில்லை. இவை ஒவ்வொன்றிலும் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. ஆகவேதான் ஒவ்வொரு வாய்ப்பின் விதிமுறையையும் ஒரு வழக்கறிஞரின் கண்கொண்டு படித்துப் பார்க்க விரும்புகிறோம்.

நான்காம் ஆண்டும் 75 என்னும் எண்ணும்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டம் மற்றும் கிரெடிட் சட்டகத்தின்படி, மூன்றாண்டில் 120 கிரெடிட் பெறுபவருக்கு இளநிலைப் பட்டம். நான்காண்டில் 160 கிரெடிட் பெறுபவருக்கு ஆனர்ஸ் பட்டம். ஆனர்ஸும் இரு வகைப்படும். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் 12 கிரெடிட் மதிப்புள்ள ஆய்வேட்டைச் சமர்ப்பித்து 'ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்' பெறுவர். ஏனையோர்க்கு ஆராய்ச்சி இல்லாத ஆனர்ஸ்.

இந்த 75 விழுக்காட்டை விதிக்கும் பத்தியில் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான தளர்வு குறித்து ஒரு சொல்லும் இல்லை. இதற்கு ஒரு மாதம் முன்பு, 2022 நவம்பரில், அதே மானியக் குழு அறிவித்த முனைவர் பட்ட ஒழுங்குமுறையோ வேறு விதமாகப் பேசுகிறது. நான்காண்டுப் பட்டத்துடன் நேரடியாக முனைவர் பட்டத்துக்கு வருவோர் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு என்கிறது அது.

இரண்டு விதிகளையும் அருகருகே வைத்தால் முரண் தெளிவாகிறது. 72 விழுக்காடு பெற்ற ஒரு தலித் மாணவி முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதியுடையவர். ஆனால் அதற்கு அவரை ஆயத்தப்படுத்தும் இளநிலை ஆராய்ச்சிப் பிரிவில் சேர, சட்டகத்தின் எழுத்துப்படி, தகுதியற்றவர். ஓராண்டு முழுவதும் ஆய்வேடு எழுதிப் பழகியவர்களோடு, அந்தப் பயிற்சியே மறுக்கப்பட்ட அவர் ஒரே நேர்முகத்தில் அமர்ந்து போட்டியிட வேண்டும். மேல்மாடியில் இடஒதுக்கீடு என்று அறிவித்துவிட்டு, ஏணியின் நடுப்படியை எடுத்துவிடுவது போன்றது இது. சில பல்கலைக்கழகங்கள் தாமாகவே தளர்வு தரலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் நல்லெண்ணத்தைச் சார்ந்து நிற்பது உரிமையாகாது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆராய்ச்சிப் பிரிவை நடத்தும் துறையில், முனைவர் பட்ட நெறியாளராக அங்கீகரிக்கப்பட்ட நிரந்தரப் பேராசிரியர் இருவரேனும் இருக்க வேண்டும். நூலகம், ஆய்விதழ்கள், ஆய்வகம் ஆகிய வசதிகளும் வேண்டும். கல்வித் தரத்தின் பெயரால் இது நியாயமான விதிதான். ஆனால் தலித் மாணவர்கள் பெருந்தொகையில் படிக்கும் ஊரகக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்களைக் காலியாக வைத்து, கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்பு நடத்துவது யார்? அரசு நிரப்பத் தவறிய நாற்காலிக்கு மாணவர் விலை கொடுக்கிறார். அவர் 90 விழுக்காடு பெற்றாலும் அவருடைய கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவு இராது.

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே பொது வழக்கு. தேசியக் கல்விக் கொள்கையை இம்மாநிலம் எதிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. இடையில் நிற்போர்க்குச் சான்றிதழ் தந்து அனுப்பிவைக்கும் 'பல்வழி வெளியேற்றம்' முதலில் வெளியேற்றுவது ஏழை மாணவரைத்தான் என்பது அவற்றுள் ஒன்று. ஆயினும் நம் மாணவர்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் செல்கிறார்கள்; நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களோடு ஒரே களத்தில் நிற்கப் போகிறார்கள். எதிர்ப்பு அரசியலோடு ஆயத்தமும் தேவை.

நேர்முக அறையில் நடப்பது

2024 ஜூன் சுற்றிலிருந்து நான்காண்டுப் பட்டதாரிகளும் நெட் தேர்வு எழுதலாம். முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நெட் மதிப்பெண் பயன்படுத்தப்படுகிறது. ஆண்டுக்கு இரு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கும் இத்தேர்வு, ஆனர்ஸ் மாணவர்கள் நாட்காட்டியில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய நிகழ்வு. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு, அதாவது ஜே.ஆர்.எஃப்.க்கு, தகுதி பெறாமல் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோர்க்கு, நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்முகத்துக்கு 30 விழுக்காடும் எடை. ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களைப் பல்கலைக்கழகங்கள் நேர்முகத்தின் அடிப்படையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

நேர்முகம் நமக்குப் புதிதன்று. எய்ம்ஸ் நிறுவனத்தில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையில், வாய்மொழித் தேர்வுகளில் காட்டப்படும் வேறுபாட்டை மாணவர்களின் வாக்குமூலங்களோடு பதிவு செய்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முக மதிப்பெண்ணுக்கும் இடையிலான வேறுபாடு சமூகப் பிரிவுகள்தோறும் தொடர்ந்து ஒரே போக்கில் அமைந்திருப்பதைக் கண்டு, நேர்முகத்தின் எடையை 30இலிருந்து 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைக்கு நேர்மாறாக, 2016ஆம் ஆண்டின் மானியக் குழு ஒழுங்குமுறை எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, முழு எடையையும் நேர்முகத்துக்குக் கொடுத்தது. மாணவர்கள் போராடினர், வழக்குத் தொடுத்தனர். 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நிலைக்காது என்றது. இன்றைய 70:30 அந்தப் போராட்டத்தின் விளைவு.

இந்த வரலாறு ஆனர்ஸ் மாணவர்களுக்கு ஏன் வேண்டும்? இருபத்திரண்டு வயதில், முதுகலைப் படிப்பின் இடைவெளிகூட இல்லாமல், நேரடியாக நேர்முக அறைக்குள் செல்பவர்கள் இவர்கள். "எந்தக் கல்லூரி?", "அப்பா என்ன வேலை?" என்னும் கேள்விகள் அங்கே அறிவைச் சோதிப்பதில்லை, சாதியை விசாரிக்கின்றன. எழுத்துத் தேர்வில் பெயர் மறைந்திருக்கும். நேர்முகத்தில் பெயரும் பேச்சும் ஊரும் வெளிப்பட்டு நிற்கும். நேர்முக மதிப்பெண்களைச் சமூகப் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும் என்னும் கோரிக்கை இதனால்தான் அவசரமாகிறது.

மாதம் 250 ரூபாய்

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கப்பட்டது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1942இல் பட்டியலினத்தாரின் குறைகளை விரித்துரைக்கும் கோரிக்கை மனுவை அளித்து, உயர்கல்விக்கு அரசு நிதி வேண்டும் என்று வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். இன்று அத்திட்டத்தின் நிலை என்ன?

2020 டிசம்பரில் 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தரப்பட்டு, ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் 60:40 என்னும் பங்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒன்றிய அரசு தன் பங்கைச் சுருக்கிக்கொண்டு மாநிலங்களின் தலையில் சுமத்தியதை எதிர்த்து எழுந்த குரலுக்குக் கிடைத்த பலன் அது. ஆனால் இரண்டு குறைகள் அப்படியே நீடிக்கின்றன.

ஒன்று, வருமான வரம்பு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். அதாவது மாதம் ஏறத்தாழ 20,800 ரூபாய். தாய் தூய்மைப் பணியாளராகவும் தந்தை கட்டடத் தொழிலாளியாகவும் இருக்கும் நகரக் குடும்பம்கூட இவ்வரம்பைத் தாண்டிவிடலாம். முன்னேறிய சாதியினரில் 'பொருளாதாரத்தில் நலிந்தோர்' என்று இடஒதுக்கீடு பெறுவோர்க்கான வரம்போ 8 இலட்சம். ஒரே நாட்டில், ஒரே அரசின் ஆணைகளில், வறுமைக்கு இரண்டு அளவுகோல்கள். இந்தப் பாகுபாட்டுக்கு எந்தச் சட்டத் தத்துவத்தாலும் நியாயம் கற்பிக்க இயலாது.

இரண்டு, தொகை. கல்விக் கட்டணம் தவிர்த்து, சாதாரண இளநிலைப் பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு வழங்கப்படும் படி, விடுதி மாணவர்க்கு 6,000 ரூபாய். வீட்டிலிருந்து செல்வோர்க்கு 3,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 250 ரூபாய். இந்தத் தொகையைக் கொண்டு ஆய்வேடு அச்சிடவும் கருத்தரங்குக்குப் பயணம் செய்யவும் முடியும் என்று எண்ணுவோர் மாணவரின் பேருந்துக் கட்டணத்தைக்கூட அறியாதவர்கள். தமிழ்நாட்டில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாய் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஆனால் அவை சாதியின் காரணமாக வரும் சுமையை ஈடுசெய்ய வந்த திட்டங்கள் அல்ல. ஒன்றிய அரசின் கடமைக்கு அவை மாற்றாகா.

பணம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் 17,500 ரூபாய்க் கட்டணத்தைக் குறித்த நேரத்துக்குள் செலுத்த இயலாமல் இடத்தை இழந்த தலித் மாணவர் ஒருவருக்கு, உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 30 அன்று, அரசமைப்பின் 142ஆம் உறுப்பைப் பயன்படுத்தி இடம் வழங்க ஆணையிட்டது. 2021 நவம்பரில் மும்பை ஐ.ஐ.டி. தொடர்பான வழக்கிலும் இதே போன்ற நிவாரணம் கிடைத்தது. அந்தத் தீர்ப்புகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் கட்டணக் கெடுவுக்கும் கூலி கைக்கு வரும் நாளுக்கும் இடையிலான தூரத்தை அளக்க, ஒவ்வொரு மாணவரும் உச்ச நீதிமன்றம் வரை செல்ல முடியுமா?

ஊதியமற்ற பயிற்சியும் பரிந்துரைக் கடிதமும்

நான்காண்டுச் சட்டகம் இன்டர்ன்ஷிப்பைப் பாடத்தின் பகுதியாக்கி 2 முதல் 4 கிரெடிட் வழங்குகிறது. பயிற்சி பயனுள்ளதுதான். ஆனால் பயிற்சிக் காலத்தில் மாணவர் எங்கே தங்குவார், என்ன உண்பார், விடுமுறையில் கூலி வேலைக்குச் சென்று அவர் ஈட்டிவந்த தொகையை யார் தருவார் என்னும் கேள்விகளுக்குச் சட்டகத்தில் விடை இல்லை.

சட்டக் கல்வியில் இதை நாங்கள் அருகிருந்து காண்கிறோம். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுச் சட்ட மாணவர் 20 வாரமும் மூன்றாண்டு மாணவர் 12 வாரமும் பயிற்சி முடிக்க வேண்டும். சென்னையில் சீர்மிகு சட்டப் பள்ளியில் ஆனர்ஸ் பட்டமும், மாவட்டங்களின் அரசு சட்டக் கல்லூரிகளில் ஆனர்ஸ் அல்லாத பட்டமும் வழங்கப்படுகின்றன. இரண்டிலிருந்தும் வருவோர் ஒரே பார் கவுன்சிலில்தான் பதிவு செய்கிறார்கள். ஆனால் மூத்த வழக்கறிஞரின் அறையில் பயிற்சிக்கான இடம், மாதிரி நீதிமன்றப் போட்டிக்கான பயணம், டெல்லியில் ஒரு மாதத் தங்கல் ஆகியவற்றை யாருடைய குடும்பம் தாங்குகிறது என்பதே பின்னாளில் யார் எந்த நீதிமன்றத்தில் நிற்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை வழங்கும்படி சுற்றறிக்கை விடப் பணித்தது. அது பதிவு செய்த வழக்கறிஞர்களுக்கானது. பயிற்சி மாணவர்க்கு அப்படி ஒன்றும் இல்லை.

அறிவியல் மாணவர்களுக்கான கோடைக்கால ஆராய்ச்சி வாய்ப்புகளிலும் இதே தடை வேறு உருவில் வருகிறது. இந்திய அறிவியல் கழகங்கள் கூட்டாக நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் முதலியவற்றுக்கு ஆசிரியரின் பரிந்துரை தேவை. பரிந்துரைக் கடிதம் என்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவின் பதிவு. மாணவரின் பெயரை அறியாமலேயே, 'ஸ்காலர்ஷிப் பையன்' என்று மூன்றாண்டுகள் அழைத்த ஒருவரிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டு நிற்பது எத்தகைய நிலை என்பதை இக்கட்டுரையை வாசிப்போரில் பலர் அறிவர்.

கடல் கடப்பதற்கான கதவு

அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1920இல்தான் மீண்டும் செல்ல முடிந்தது. நிதி நின்றால் அறிவும் நிற்கும் என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியலினத்தாருக்கு. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 60 விழுக்காடு மதிப்பெண், 35 வயதுக்குள், குடும்ப வருமானம் 8 இலட்சத்துக்குள், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் இடம் ஆகியவை நிபந்தனைகள். 2022இல் இதில் இன்னொரு விதி நுழைந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவித்தொகை கிடையாது. சாதியால் ஒடுக்கப்பட்டவர் சாதியை ஆராய வெளிநாடு செல்லக் கூடாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். கொலம்பியாவில் சாதியின் தோற்றம் குறித்துக் கட்டுரை வாசித்த அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால் இவ்விதியின் கீழ் நிராகரிக்கப்படுவார்.

2025 ஜூலையில், தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் தற்காலிக ஒப்புதல் கடிதம் தரப்பட்டு, எஞ்சிய 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்து வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டு, செப்டம்பரில் வகுப்பு தொடங்கவிருக்கும் மாணவருக்கு 'நிதி இருந்தால்' என்று சொல்வது, இடத்தைக் கையில் கொடுத்துவிட்டு விமானச் சீட்டைப் பிடுங்கிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை வழங்குகிறது. ஒன்றியத் திட்டத்தோடு இதற்கும் மாணவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்ட தலித் கிறித்தவர்களுக்கு ஒன்றியத் திட்டத்தின் கதவு அடைபட்டே இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மாணவர்கள் கையில் உள்ள சட்டம்

போராட்டம் நீண்டது, விண்ணப்பக் கெடு குறுகியது. ஆகவே உடனடியாகப் பயன்படுத்தத்தக்கவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

சாதிச் சான்றிதழையும் நடப்பு ஆண்டின் வருமானச் சான்றிதழையும் அறிவிப்பு வரும் முன்பே பெற்று வைத்திருங்கள். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கட்டணம் முன்கூட்டிச் செலுத்தாமல் சேர்வதற்கு 'ஃப்ரீஷிப் அட்டை' என்னும் ஏற்பாட்டைச் செய்துள்ளன. சேர்க்கையின்போது அதைக் கேளுங்கள். கட்டண நிலுவையைக் காட்டி அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் கல்லூரிகளிடம், மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை அதைத் தடை செய்வதை எழுத்துமூலம் சுட்டிக்காட்டுங்கள்.

நேர்முகத்திலோ ஆய்வேட்டு நெறியாளர் ஒதுக்கீட்டிலோ பாகுபாடு நேர்ந்தால் அன்றைக்கே தேதியிட்டு எழுதி வையுங்கள். 2012ஆம் ஆண்டின் சமத்துவ ஒழுங்குமுறை ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கிறது. அலுவலர் யார் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 30 நாட்களுக்குள் விடை தந்தாக வேண்டும். அரசமைப்பின் 338ஆம் உறுப்பின் கீழ் இயங்கும் தேசியப் பட்டியலினத்தோர் ஆணையத்துக்கும் முறையிடலாம். வழக்காட வேண்டிய நிலை வந்தால், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்கிறது. நம் மக்களில் பெரும்பாலோர் அறியாத உரிமை இது.

நாம் கோருவன

இளநிலை ஆராய்ச்சிப் பிரிவுக்கான 75 விழுக்காட்டில், முனைவர் பட்ட ஒழுங்குமுறையில் உள்ள அதே தளர்வைச் சேர்க்க வேண்டும். ஒரு வரித் திருத்தம் போதும். போஸ்ட் மெட்ரிக் வருமான வரம்பை 8 இலட்சமாக உயர்த்தி, படித்தொகையை விலைவாசியோடு இணைக்க வேண்டும்; நான்காம் ஆண்டு ஆய்வுச் செலவுக்குத் தனித் தொகை வேண்டும். கட்டாயப் பயிற்சி என்று விதிக்கும் நிறுவனம் அதற்கு ஊதியமோ உதவித்தொகையோ வழங்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நேர்முக எடையை 15 விழுக்காட்டுக்கு மேற்படாமல் குறைத்து, மதிப்பெண்களைப் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். வெளிநாட்டு உதவித்தொகையில் இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கான தடையை நீக்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட அனைவருக்கும் நிதியை உறுதி செய்ய வேண்டும். அரசமைப்பின் 15(5)ஆம் உறுப்பு சேர்க்கப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும் இடஒதுக்கீட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் இன்னும் இயற்றவில்லை. அதை இயற்ற வேண்டும்.

இக்கோரிக்கைகளில் எதுவும் சலுகை அன்று. பட்டியலினத்தாரின் கல்வி நலனைத் தனிக் கவனத்தோடு பேணுமாறு அரசமைப்பின் 46ஆம் உறுப்பு அரசுக்கு இட்டிருக்கும் பணி இது. போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் அடுத்த கட்டம் எழுதப்படும் இவ்வேளையில், மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் தலித் இயக்கங்களும் தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்த ஆறு கோரிக்கைகளையும் எழுத்தில் அளித்து, அவையில் வினா எழுப்பச் செய்ய வேண்டும். விதிகள் எழுதி முடிக்கப்பட்ட பிறகு நீதிமன்றம் செல்வதைவிட, எழுதப்படும்போதே நம் குரல் அதில் ஏறுவது நல்லது.